எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கலாமா? முதல்ல உங்க ஆர்டர் ஹிஸ்டரியைத் திறங்க

பி.ஜி.யை விட்டு வெளியே வந்து, ரெண்டு மூணு பேர் சேர்ந்து வீடு எடுக்கிறவங்க, புதுசா கல்யாணம் ஆனவங்க, இவங்க நம்மகிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கினா காசு மிச்சமாகுமா? எதை வாங்கறது?" வீடியோல கணக்கை ஸ்க்ரீன்ல காட்டிட்டு ஓடிடறோம். இங்கே கொஞ்சம் நின்னு பார்க்கலாம்.

ஒரு குழப்பத்தை முதல்ல தீர்த்துடறேன். எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் வேற, எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வேற. ஆன்லைன்ல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும், விலை பாதியா இருக்கேன்னு ரைஸ் குக்கரை வாங்கிடுவாங்க. கண்ணாடி மூடி போட்டிருந்தா அது ரைஸ் குக்கர். அதுல தண்ணீர் 100 டிகிரிக்கு மேல போகாது. சாதம் நல்லா வரும். ஆனா கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாம் போட்டா உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். பிரஷர் குக்கர்ல மூடி பூட்டிக்கொள்ளும், உள்ளே சுமார் 115 டிகிரி வரைக்கும் போகும். நம்ம வீட்டு விசில் குக்கர் 120 டிகிரியை ஒட்டி வேலை செய்யும். அதனால அம்மா பத்து நிமிஷத்துல வேக வைக்கிறதுக்கு இது ரெண்டு மூணு நிமிஷம் கூடவே எடுக்கும். அது பெரிய விஷயம் இல்லை. பக்கத்துல யாரும் நிக்க வேண்டாம், தானே ஆஃப் ஆயிடும். நீங்க காசு கொடுக்கிறது இந்த ஒரு வசதிக்குத்தான்.

இப்போ பணக் கணக்கு. நிறைய பேர் நாலு மாடலைப் பக்கத்துல வச்சு விலையை ஒப்பிடறாங்க. நான் அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு பண்ணச் சொல்லுவேன். உங்க ஃபுட் டெலிவரி ஆப்ல கடைசி ரெண்டு மாச ஆர்டர் ஹிஸ்டரியைத் திறங்க. ஒவ்வொரு ஆர்டரையும் பார்த்து, "இதை குக்கர்ல போட்டிருப்பேனா?"ன்னு கேளுங்க. சாம்பார் சாதம், கிச்சடி, தால், வெஜ் பிரியாணி, சுண்டல் - இதெல்லாம் ஆமாம். பரோட்டா, தோசை, ஃப்ரைட் ரைஸ், சனிக்கிழமை நண்பர்களோட சாப்பிட்ட பக்கெட் சிக்கன் - இதெல்லாம் இல்லை. குக்கர் வந்தாலும் அந்த ஆர்டர் போகத்தான் போகுது. "ஆமாம்" எத்தனைன்னு எண்ணுங்க. அந்த எண்தான் உங்க முடிவு.

ஒரு உதாரணம். டெலிவரி, பேக்கிங், பிளாட்ஃபார்ம் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஒரு சாம்பார் சாதம் 180 ரூபாய்னு வச்சுக்கோங்க. அதையே வீட்ல அரிசி, பருப்பு, காய், எண்ணெய், கரண்ட் எல்லாம் போட்டுப் பண்ணா 60 ரூபாய்க்குள்ள முடியும். ஒரு சாப்பாட்டுக்கு 120 ரூபாய் மிச்சம். குக்கர் 6,000 ரூபாய்னா, 50 சாப்பாட்டுல போட்ட காசு திரும்பும். வாரத்துக்கு மூணு தடவை சமைச்சா நாலு மாசம். வாரம் ஒரு தடவைன்னா ஒரு வருஷம். மாசத்துக்கு ரெண்டே தடவைன்னா ரெண்டு வருஷத்துக்கு மேல. அதுக்குள்ள வாரண்டியே முடிஞ்சிருக்கலாம்! உங்க எண் இந்தக் கடைசி ரகம்னா, எவ்வளவு பெரிய ஆஃபர் வந்தாலும் வாங்காதீங்க. ஏற்கெனவே கேஸ் இணைப்பும் ஒரு நல்ல விசில் குக்கரும் வீட்ல சும்மா கிடந்தாலும் அதே பதில்தான். சமைக்காம இருக்கிறதுக்குக் காரணம் குக்கர் இல்லாதது இல்லை.

"கரண்ட் பில் எகிறிடாதா?"ன்னு ஒரு பயம் எல்லாருக்கும் உண்டு. 1,000 வாட் குக்கர் ஒரு மணி நேரம் முழுசா ஓடினா ஒரு யூனிட். ஆனா பிரஷர் வந்ததும் ஹீட்டர் விட்டு விட்டுத்தான் எரியும். ஒரு தடவை சாதமோ பருப்போ வைக்க மொத்தம் 15, 20 நிமிஷம் எரியும்னு வச்சா, கால் யூனிட்ல இருந்து மூணுல ஒரு பங்கு யூனிட். தினமும் ஒரு தடவை வச்சாலும் மாசம் 10 யூனிட்டைத் தாண்டாது.

கேஸோட ஒப்பிட்டா? 14.2 கிலோ சிலிண்டர்ல இருக்கிற மொத்த சக்தி சுமார் 180 யூனிட் கரண்டுக்குச் சமம். அடுப்புல பாத்திரத்துக்குப் போய்ச் சேர்றது அதுல 60 சதவீதம் மாதிரி, மிச்சம் சமையலறையைச் சூடாக்கும். எலக்ட்ரிக் குக்கர்ல பாத்திரமே ஹீட்டர் மேல உட்கார்ந்திருக்கு, சுத்தி மூடியிருக்கு, அதனால நஷ்டம் கம்மி. கழிச்சுப் பார்த்தா ஒரு சிலிண்டர் செய்யற வேலையை இது 120 யூனிட்ல செஞ்சிடும். சிலிண்டர் 900 ரூபாய்னா, 900 ÷ 120 = 7.50. யூனிட்டுக்கு 7.50 ரூபாய்க்குக் கீழே கொடுக்கிறவங்களுக்குக் கரண்ட் மலிவு, மேலே கொடுக்கிறவங்களுக்குக் கேஸ் மலிவு.

தமிழ்நாட்ல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். தனியா மீட்டர் இருந்து, ஏசி இல்லாத வீடுன்னா நிச்சயம் கரண்ட்தான் மலிவு. ஆனா வாடகை வீட்ல சப்-மீட்டர் வச்சு ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு 8, 10 ரூபாய்னு வாங்கினா கணக்கு திரும்பிடும். அப்படியே திரும்பினாலும் ஒரு சமையலுக்கு 3 ரூபாய், அவ்வளவுதான். 120 ரூபாய் மிச்சத்துக்கு முன்னாடி இது பேச்சே இல்லை. ஒரே ஒரு இடத்துல கவனம்: கோடையில ஏசி ஓடி, ரெண்டு மாச ரீடிங் 500 யூனிட்டைத் தொடுற வீடுன்னா, அதைத் தாண்டினதும் கட்டண அட்டவணையே மாறி மொத்த பில்லும் குதிக்கும்.

இன்டக்‌ஷனையும் யோசிக்கலாம். விலை பாதிதான், தோசையும் சுடலாம். ஆனா அம்மா கொடுத்தனுப்பின சாதாரண அலுமினிய குக்கர் அதுல வேலை செய்யாது. இன்டக்‌ஷன் அடி வச்ச குக்கரைத் தனியா வாங்கணும், விசிலையும் எண்ணணும். 2,000 வாட் இன்டக்‌ஷனுக்கு 16 ஆம்ப் பிளக் பாயின்ட் வேணும். 1,000 வாட் குக்கர் சுமார் நாலரை ஆம்ப்தான் இழுக்கும், ரூம்ல இருக்கிற 6 ஆம்ப் பாயின்ட்டே தாங்கும். அதுக்காக லேப்டாப், அயர்ன் பாக்ஸ் எல்லாம் சொருகின எக்ஸ்டென்ஷன் போர்டுல இதையும் சொருகாதீங்க.

சரி, வாங்கறதுன்னு முடிவாயிடுச்சு. எந்த அளவு? ஒருத்தருக்கு 3 லிட்டர் போதும்னு கடைக்காரர் சொல்லுவார். பெட்டியில போட்டிருக்கிற லிட்டர் முழுக் கொள்ளளவு. மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பக் கூடாது. பருப்பு, அரிசி மாதிரி பொங்கி உப்புறதுக்குப் பாதிதான். அப்போ 3 லிட்டர்ல உங்களுக்குக் கிடைக்கிறது ஒன்றரை லிட்டர். அதைவிடப் பெரிய குறை, உள்ளே அடுக்கு வைக்க இடம் இருக்காது. 5, 6 லிட்டர்ல கீழே பருப்பு, மேலே ஸ்டாண்டு வச்சு ஒரு டப்பாவுல சாதம், ஒரே நேரத்துல ரெண்டும் ஆயிடும். தனியா இருக்கிறவங்களுக்கும் நான் 5 லிட்டர்தான் சொல்லுவேன். விலை வித்தியாசம் பெரிசா இருக்காது.

உள் பாத்திரம் ஸ்டீலா இருக்கட்டும். நான்-ஸ்டிக் கோட்டிங் கழுவ சுலபம்தான், ஆனா ரூம்மேட் ஒரு நாள் எவர்சில்வர் கரண்டியால சுரண்டினா போச்சு. ஸ்டீல்ல தாளிச்ச உடனே அடியில ஒட்டினதைக் கொஞ்சம் தண்ணி விட்டுக் கிளறிட்டு மூடணும், இல்லைன்னா அடிப்பிடிச்சு குக்கர் பீப் அடிக்கும். பத்து பன்னிரண்டு மெனு பட்டன் இருக்குன்னு கூடுதல் காசு கொடுக்காதீங்க. எல்லாமே நேரத்தையும் சூட்டையும் மாத்தற வேலைதான். கொஞ்ச நாள்ல நீங்க தொடறது ரெண்டு மூணு பட்டனா இருக்கும். "டிலே ஸ்டார்ட்" மட்டும் உண்மையிலேயே பயன்படும், அதுவும் நம்ம ஊர் வெயில்ல காலையில ஊற வச்ச அரிசியை சாயங்காலம் வரைக்கும் விட்டா புளிச்சிடும். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க.

பிராண்ட் எதுன்னு கேட்டா, உங்க ஊர்ல சர்வீஸ் சென்டர் இருக்கிற பிராண்ட். 2010-ல அறிமுகமாகி அமெரிக்கா, கனடாவுல வீட்டுக்கு வீடு பேசப்பட்ட இன்ஸ்டன்ட் பாட்டைத் தெரிஞ்சிருக்கும். அதோட நிறுவனமே 2023 ஜூன்ல அமெரிக்காவுல திவால் பாதுகாப்பு மனு போட்டது. பெயர் பெரிசா இருக்கிறது வேற, மூணு வருஷம் கழிச்சு உதிரிபாகம் கிடைக்கிறது வேற. மூடியில இருக்கிற சிலிகான் ரிங் தேயும், சாம்பார் வாசனையும் பிடிக்கும். வருஷத்துக்கு ஒண்ணோ ஒன்றரை வருஷத்துக்கு ஒண்ணோ மாத்தணும். வாங்கறதுக்கு முன்னாடியே அந்த ரிங்கும் உள் பாத்திரமும் தனியா விற்குதா, என்ன விலைன்னு தேடுங்க. விற்கலைன்னா அந்த மாடலை விட்டுடுங்க.

ஐஎஸ்ஐ முத்திரையையும் பாருங்க. ஆன்லைன்ல இருக்குன்னாலே தரம் இருக்கும்னு நினைக்க வேண்டாம். தரக் கட்டுப்பாட்டு உத்தரவுக்கு ஒத்துவராத பிரஷர் குக்கர்களை விற்க விட்டதுக்காக 2022 ஆகஸ்ட்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கும் ஃப்ளிப்கார்ட்டுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. முத்திரையோட இருக்கிற உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்ல போட்டா உண்மையானதான்னு தெரிஞ்சிடும்.

கடைசியா அந்த "நோ காஸ்ட் இஎம்ஐ". 6,000 ரூபாய் குக்கர், ஆறு மாசத் தவணை. வட்டியை டிஸ்கவுண்டா கழிச்சுடுவாங்க, சரி. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில. வட்டி 250 ரூபாய்னா 45 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199, அதுக்கும் ஜிஎஸ்டி 36. மொத்தம் 280 ரூபாய். ரெண்டு சாம்பார் சாதத்துல மிச்சம் பிடிச்சதை பேங்க்குக்குக் கொடுத்த மாதிரி. 6,000 ரூபாயை மொத்தமா போட முடியலைன்னா, மாசம் 2,000-ஆ மூணு மாசம் தனியா எடுத்து வைங்க. அந்த மூணு மாசமும் ஆப்ல "ஆமாம்" ஆர்டர்களை எண்ணிக்கிட்டே வாங்க. கையில காசு சேரும்போது எண்ணும் சரியா தெரிஞ்சிருக்கும்.