பெயரைப் பதிவதா, லோகோவைப் பதிவதா? தர்மபுரித் தொழில்முனைவோருக்கு ஒரு டிரேட்மார்க் வழிகாட்டி

பென்னாகரத்தில் கேழ்வரகு மாவு பாக்கெட் போடுகிறவர், பாலக்கோட்டில் தக்காளி ஊறுகாய் போடுகிறவர், அரூரில் சாமை முறுக்கு சுடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி எண் வாங்கியாயிற்று, உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுத்தாயிற்று, உத்யம் சான்றிதழும் கையில் இருக்கிறது. எல்லாப் பதிவும் முடிந்தது என்று பலர் இங்கே நிம்மதியாகிவிடுகிறார்கள். இவற்றில் எதுவும் பாக்கெட்டின் மேல் அச்சிட்ட பெயரை உங்களுக்கு உரிமையாக்காது. கம்பெனியாகப் பதிந்தாலும் அதே கதைதான். பெயருக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது: 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம்.

முதலில் பெயர் தேறுமா?

கீழே வரும் நான்கு வழிகளில் எதில் போனாலும் பெயர் பலவீனமாக இருந்தால் பணம் வீண். சரக்கையும் ஊரையும் குணத்தையும் மட்டும் சொல்லும் பெயர்களைச் சட்டத்தின் 9-வது பிரிவு தடுக்கிறது. ‘தர்மபுரி மாம்பழக்கூழ்’, ‘சுவையான சாமை முறுக்கு’ எல்லாம் இந்த வகை. அந்தச் சொற்கள் ஊரில் எல்லோருக்கும் வேண்டும். நூடுல்ஸ் விற்கும் ஐடிசியும் நெஸ்லேயும் ‘மேஜிக் மசாலா’ என்ற பெயருக்காக மோதிய வழக்கில், அது புகழ்ச்சிச் சொல், தனியொருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. பெரிய கம்பெனிக்கே இந்த நிலை.

சரக்கோடு தொடர்பில்லாத சொல்லோ, நீங்களே உருவாக்கிய சொல்லோ இருந்தால் கவலை குறைவு. பெயர் முடிவானதும் வணிகக் குறிகள் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். தேடல் இலவசம். எழுத்தை வைத்துத் தேடுவதோடு நிறுத்தாமல் ஒலியை வைத்தும் தேடுங்கள். ‘சித்தேரி’ என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். ஏற்கெனவே பதிந்தவர் எந்த விதத்தில் எழுதினாரோ, யாருக்குத் தெரியும்?

வழி 1: பதியாமல் நடத்துவது

பதியாவிட்டால் உரிமையே இல்லை என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவின் பெயரோடு ஊர்ப்பெயரைச் சேர்த்து இன்னொருவர் பதிவே வாங்கிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிவு வைத்திருப்பவரைவிட, முன்பிருந்தே பயன்படுத்தி வருகிறவரின் உரிமையே மேல் என்று 2015-ல் தீர்ப்பு வந்தது.

ஆனால் அதை நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் தலையில். பெயர் மக்களிடம் அறிமுகமானது, போலியால் அவர்கள் ஏமாறுகிறார்கள், உங்களுக்கு நஷ்டம் என்று மூன்றையும் காட்ட வேண்டும். ஊரறிந்த பழைய கடைக்கு அது முடியும். ஆறு மாதம் முன்பு தொடங்கிய முறுக்குக் கம்பெனி என்ன காட்டும்? உள்ளூர்ச் சந்தையோடு நிற்கும் வியாபாரத்துக்கு இந்த வழி போதும். அப்போதும் முதல் பில், முதல் லேபிள் அச்சிட்ட ரசீது, விளம்பரம் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.

வழி 2: பெயரை மட்டும் பதிவது

இது ‘வேர்டு மார்க்’. எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில் போட்டாலும் பெயர் உங்களுடையது. லேபிளை வருடத்துக்கு ஒருமுறை மாற்றினாலும் பதிவு அப்படியே நிற்கும். கடைக்காரரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கும் சரக்குக்கு இதுதான் சரி.

வழி 3: லோகோவைப் பதிவது

பெயர் கொஞ்சம் பலவீனம் என்றால் படத்தோடு சேர்த்துப் பதிவது எளிதாக நடக்கும். ஆனால் கிடைக்கும் உரிமை அந்த முழு வடிவத்துக்குத்தான். ‘ஒகேனக்கல்’ என்று எழுதி அருவிப் படம் போட்ட லோகோ பதிவாகிவிட்டது என்பதற்காக, அடுத்தவர் ‘ஒகேனக்கல்’ என்று எழுதுவதைத் தடுக்க முடியாது. லோகோவைக் கறுப்பு வெள்ளையில் கொடுத்தால் எல்லா நிறத்துக்கும் பொருந்தும்.

வழி 4: கூட்டாகப் போவது

மகளிர் சுய உதவிக் குழுவாக இருந்தால், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் ‘மதி’ பெயரில் விற்கலாம். ஊரின் பெருமையே சரக்கின் பெருமை என்றால் புவிசார் குறியீடு இருக்கிறது. கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-ல் வாங்கியது. அது தனிநபருக்குக் கிடைக்காது, உற்பத்தியாளர் சங்கமாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் உங்கள் சொந்தப் பெயருக்கு மாற்றாகாது. அதோடு கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

எந்த வகுப்பு, எவ்வளவு செலவு?

சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கட்டணம் வகுப்புக்கு வகுப்பு தனி. மாம்பழக்கூழும் ஊறுகாயும் 29, மாவும் முறுக்கும் 30, பறித்த மாம்பழம் 31, மாம்பழ ஜூஸ் 32, மெஸ் நடத்தினால் 43. ஒரு வழக்கைப் பாருங்கள்: கர்நாடகக் கூட்டுறவுப் பால் கூட்டமைப்பு 1985 முதல் ‘நந்தினி’. பெங்களூரு ஓட்டல் ஒன்று 1989 முதல் ‘நந்தினி டீலக்ஸ்’. பால், பால் பொருட்களை விட்டுவிட்டு ஓட்டல் தன் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. என்ன சரக்கு என்று எழுதும் அந்த ஒரு வரி அவ்வளவு முக்கியம்.

தனிநபர், ஸ்டார்ட்அப், உத்யம் பெற்ற சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000. தமிழ்நாட்டுக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆன்லைனில் போட்டால் அங்கே அலைய வேண்டியதில்லை. ஏஜென்ட் வழியாகப் போட்டால் உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயரும், விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பதிவகத்திடமிருந்து ஆட்சேபம் வந்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஆட்சேபம் தீர்ந்ததும் விண்ணப்பம் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். யாரும் எதிர்க்க 4 மாதம் அவகாசம். சான்றிதழ் எப்போது வந்தாலும் உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்காகும்; 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் வரும்வரை பெயரருகே ‘டிஎம்’ போடலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது சான்றிதழ் வந்த பிறகுதான்.

எதைத் தேர்வது?

சரக்கு மாவட்ட எல்லையைத் தாண்டும் என்றால், பெயரை மட்டும், இப்போது விற்கும் ஒரே வகுப்பில், தனிநபர் கட்டணத்தில் முதலில் பதியுங்கள். லோகோ அடுத்த வருடம் போதும். தர்மபுரிக்காரருக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. பதிந்த பெயரைப் பெங்களூரில் ஒருவர் காப்பியடித்தால், நீங்கள் தொழில் நடத்தும் தர்மபுரியிலேயே வழக்குப் போட 134-வது பிரிவு இடம் தருகிறது. பதியாத பெயருக்கு இந்தச் சலுகை கிடையாது. எதிராளியின் ஊருக்கோ, ஏமாற்று நடந்த ஊருக்கோ போக வேண்டும். லேபிளுக்கு அச்சகத்தில் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தேடலையும் விண்ணப்பத்தையும் முடித்துவிடுவது நல்லது. பதிவுச் செலவில் ஒரு பகுதியைத் திரும்பத் தரும் திட்டங்கள் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.