பொறியும் நெறியும்

தொழிற்புரட்சி என்றவுடன் நீராவிப் பொறியும் அதனைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. புனைந்தவர் பெயரையும் புனைந்த ஆண்டையும் மனப்பாடம் செய்வதோடு மாணவருள் பலர் நின்றுவிடுகின்றனர். ஆனால், பொறி பிறந்த ஆண்டுக்கும் அப்பொறியை இயக்கிய ஏழைக்குப் பாதுகாப்புக் கிடைத்த ஆண்டுக்கும் இடையே எத்துணைக் காலம் கழிந்தது? இங்கிலாந்தின் பருத்தித் தொழிலைச் சான்றாகக் கொண்டு அவ்விடைவெளியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவையும் புனைவும்

பதினேழாம் நூற்றாண்டில் இந்தியப் பருத்தித் துணிகள் ஆங்கிலேயரின் உள்ளத்தைக் கவர்ந்தன. கோழிக்கோட்டின் பெயரால் ‘காலிகோ’ என வழங்கிய துணிக்கு இருந்த வரவேற்பைக் கண்டு அந்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர் அஞ்சினர். அவர்தம் முறையீட்டின் பயனாக 1700, 1721 ஆகிய ஆண்டுகளில் தடைச்சட்டங்கள் இயற்றப்பட்டன. துணி தடுக்கப்பட்டதேயன்றி அதன்மீது கொண்ட விருப்பம் தணியவில்லை. அவ்விருப்பத்தை உள்நாட்டிலேயே நிறைவு செய்ய எழுந்த முயற்சி புதுப்புனைவுகளுக்கு வித்திட்டது எனலாம்.

1733-இல் ஜான் கே என்பார் பறக்கும் நாடாவுக்கு உரிமம் பெற்றார். கைக்குக் கை மாறிய நாடா, கயிற்றை இழுத்த அளவில் பாவின் ஊடே விரைந்தோடியது. அகலத் துணி நெய்ய இருவர் வேண்டியிருந்த தறிக்கு ஒருவரே போதுமானார். நெசவு விரைந்ததும் நூல் போதவில்லை. அக்குறையைப் போக்க, 1764-ஐ ஒட்டி ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் ஒரே சக்கரத்தால் எட்டுக் கதிர்களைச் சுழற்றும் ‘ஜென்னி’யை அமைத்தார். 1769-இல் ரிச்சர்டு ஆர்க்ரைட் நூற்புப் பொறி ஒன்றிற்கு உரிமம் பெற்று, பின்னர் அதனை நீர்விசையால் இயக்கினார். இவ்விரண்டின் சிறப்புகளையும் இணைத்துச் சாமுவேல் கிராம்ப்டன் 1779-இல் ‘மியூல்’ பொறியைப் படைத்தார். இப்பொழுது நூல் மிகுந்தது; நெய்யும் கைகள் போதவில்லை. எட்மண்டு கார்ட்ரைட் என்னும் பாதிரியார் 1785-இல் விசைத்தறிக்கு உரிமம் பெற்றார். இவ்வாறு ஒரு புனைவு தோற்றுவித்த குறையே அடுத்த புனைவை அழைத்து வந்தது.

வீட்டிலிருந்து ஆலைக்கு

ராட்டையும் தறியும் வீட்டில் இருந்தவரை, எப்பொழுது உழைப்பது, எப்பொழுது ஓய்வது என்பது குடும்பத்தின் கையில் இருந்தது. பெரும்பொறி வீட்டிற்குள் அடங்கவில்லை. 1771-இல் ஆர்க்ரைட் கிராம்ஃபோர்டு என்னும் சிற்றூரில் நீர்விசை ஆலையை எழுப்பினார். நீராவி விசை வந்தபின் ஆலைகள் ஆற்றங்கரையை விட்டு நகரங்களில் குவிந்தன. 1801-இல் ஓர் இலட்சத்திற்கும் குறைவான மக்கள் வாழ்ந்த மான்செஸ்டர், 1851-இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரைக் கொண்ட நகராயிற்று. ஞாயிறு எழக் கண்டு எழுந்தவர் ஆலை மணி கேட்டு எழலாயினர். அறுந்த இழையை முடியவும், ஓடும் பொறியின் அடியில் ஊர்ந்து பஞ்சைப் பொறுக்கவும் சிறுவர் அமர்த்தப்பட்டனர்.

ஆலையின் பசி கடல் கடந்தும் துன்பம் விளைத்தது. அமெரிக்காவில் எலி விட்னி 1793-இல் பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் பொறியை அமைத்தார். வேலை எளிதாயின் அடிமைமுறை தளரும் என்றே நாம் எதிர்பார்ப்போம். நிகழ்ந்ததோ வேறு. பருத்திச் சாகுபடி பெருகவே அடிமைகளின் தேவையும் பெருகியது. 1790-இல் ஏறத்தாழ ஏழு இலட்சமாக இருந்த அடிமைகள் தொகை 1860-இல் நாற்பது இலட்சத்தை நெருங்கியது.

நெறி பிறந்த வரலாறு

பருத்தி ஆலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டோரை அமர்த்தலாகாது என 1819-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. ஆயினும், நடைமுறையைக் கண்காணிக்க முழுநேர ஆய்வாளர் இன்மையால் அச்சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு ஆய்வாளர்களை அமர்த்தியது; ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்டோரின் வேலையை வாரத்திற்கு 48 மணி அளவில் நிறுத்தி, நாள்தோறும் இரண்டு மணி நேரம் கல்வியும் அளிக்கப் பணித்தது. 1847-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்டிர்க்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேர வரம்பை வகுத்தது.

சட்டத்தை மட்டும் எதிர்நோக்கித் தொழிலாளர் வாளா இருக்கவில்லை. 1844-இல் ராச்டேல் நகரில் 28 பேர் ஆளுக்கொரு பவுன் சேர்த்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு முதலியவற்றைக் கலப்படமின்றி விற்று, ஆதாயத்தை வாங்குவோர்க்கே பகிர்ந்தளித்தனர். இன்றைய கூட்டுறவு இயக்கம் அச்சிறு கடையைத் தன் முன்னோடியாகப் போற்றுகின்றது.

நிறைவுரை

கிராம்ஃபோர்டு ஆலை எழுந்த 1771-இல் எட்டு வயதில் ஒரு சிறுவன் ஆலை வேலைக்குச் சென்றிருப்பின், 1833-இல் அவன் எழுபது வயது முதியவன் ஆகியிருப்பான். அவன் குழந்தைப் பருவத்தைக் காத்திருக்க வேண்டிய ஆய்வாளர், அவன் பேரக்குழந்தைகளின் காலத்திலேயே வந்து சேர்ந்தார். இவ்வறுபத்திரண்டு ஆண்டுகளே தொழிற்புரட்சி நமக்குத் தரும் பாடமாகும். ஆக்கம் பெருகுவது பொறியால். அவ்வாக்கம் உழைத்தவரைச் சென்றடைவது நெறியால். உழைத்தவர்க்குரிய கூலியைக் காலந்தாழ்த்தாது வழங்குக எனப் பணித்தவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அவ்வழி நிற்கும் நமக்கு இவ்வுண்மை புதியதன்று.

நம் காலத்திலும் கணினியும் தானியங்கிப் பொறிகளும் தொழில்களை மாற்றி வருகின்றன. இவற்றைக் கற்று வல்லுநராதல் மாணவர் கடன். அத்துடன், இப்பொறியால் வேலை இழப்போர் யாவர், அவர்க்கு நாம் செய்யத்தக்கது யாது என்று வினவுதலும் அவர்தம் கடனேயாகும். அவ்வினா எழ மீண்டும் அறுபத்திரண்டு ஆண்டுகள் ஆதல் கூடாது.