முத்துப்பேட்டையில் படகு ஏறும் முன்

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர், பட்டுக்கோட்டை வழியாக முத்துப்பேட்டை போகலாம். அலையாத்திக் காட்டுக்குள் படகில் செல்ல வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வரும். புயல், மழை எச்சரிக்கை இருந்தால் தள்ளிப்போடுங்கள். காலையிலேயே கிளம்புவது நல்லது. லைஃப் ஜாக்கெட், தொப்பி, குடிநீர் கட்டாயம்.

பறவைக் கூட்டத்தைக் கண்டதும், "இன்னும் கிட்டப் போங்கண்ணே" என்று படகுக்காரரை நச்சரிக்காதீர்கள். இரை தேடும் பறவைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கினால், மிரண்டுவிட்டன என்று பொருள். உடனே எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். இரவல் வாங்கியாவது ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள். செல்போன் ஜூமை நம்பிப் பயனில்லை. நீர்நாய் தலைகாட்டினால் பிஸ்கட் வீச வேண்டாம்.

அப்படியே கோடியக்கரைக்கும் போகிறவர்கள் (1967 முதல் சரணாலயம்) வெளிமானை வண்டிக்குள் இருந்தபடியே பாருங்கள். இறங்கினால் ஓடிவிடும். குரங்குகள் உண்டு, தின்பண்டப் பை பத்திரம்!