அப்பா வண்டியும் ஆயில் சம்பும்



எங்க அப்பா ஆம்னி வண்டி வாடகைக்கு ஓட்டுகிறார். போன மாதம் ஆலங்காயம் பக்கம் சவாரி போனபோது ரோட்டில் கிடந்த கல் அடியில் இடித்தது. கொஞ்ச தூரத்தில் எண்ணெய்க் குடம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா உடனே எஞ்சினை நிறுத்தினார். "ஊர் கிட்ட வந்துட்டோமே, ஓட்டுப்பா" என்று சவாரிக்காரர் கோபப்பட்டார். அப்பா ஓட்டவில்லை. அன்றைக்கு வாடகையும் போச்சு. கயிறு கட்டி வண்டியை மாமா பட்டறைக்கு இழுத்து வந்தார்கள்.

"உங்கப்பா நிறுத்தினதாலதான் எஞ்சின் பிழைச்சுது" என்றார் மாமா.

சம்ப் என்றால் என்ன?

எஞ்சினுக்கு அடியில் உள்ள தகட்டுத் தொட்டி. இதில் சுமார் 3 லிட்டர் ஆயில் இருக்கும். பம்ப் அதை உறிஞ்சி மேலே அனுப்பும். ஆயில் எல்லா பாகத்தையும் நனைத்துவிட்டு மறுபடி சம்பில் விழும். அறிவியல் பாடத்தில் படித்த உயவுப் பொருள் இதுதான். ஆயில் இல்லாமல் ஓடினால் உராய்வில் சூடேறி, சில நிமிஷத்திலேயே எஞ்சின் இறுகிவிடும்.

"ஓட்டையை வெல்டிங் வெச்சா போதாதா மாமா?" என்று கேட்டேன்.

"தகடு உள்ளே நசுங்கியிருக்கு பாரும்மா. ஆயில் உறிஞ்சுற வாய் அடிப்பக்கம்தான் இருக்கு. நசுங்கின தகடு அதை அடைச்சிடும்" என்றார்.

மாற்றும் முறை

1. வண்டியை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது.
2. டிரெயின் நட்டைக் கழற்றி மீதி ஆயிலைத் தட்டில் பிடிக்க வேண்டும்.
3. போல்ட்டுகளைக் கழற்றி, சம்பை மெதுவாகத் தட்டி இறக்க வேண்டும்.
4. பழைய பேக்கிங்கைச் சுரண்டி, வலை வடிகட்டியைக் கழுவ வேண்டும்.
5. புது பேக்கிங், புது சம்ப் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். அதிகம் முடுக்கினால் தகடு வளைந்து ஒழுகும்.
6. புது ஃபில்டர் மாட்டி, ஆயில் ஊற்றி, அளவுக் குச்சியில் பார்க்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டால் சில நொடியில் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். கசிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விளக்கு அணைந்ததும்தான் அப்பா முகத்தில் சிரிப்பு வந்தது. எஞ்சின் போயிருந்தால் வண்டிக்கடன் தவணை எப்படிக் கட்டுவது?

பழைய ஆயிலை நான் சாக்கடையில் ஊற்றப் போனேன். மாமா தடுத்தார். சாக்கடைத் தண்ணீர் கடைசியில் பாலாற்றுக்குத்தான் போகும். தோல் கழிவால் பாலாறு கெட்ட வழக்கில், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் ஷாப்புக்கு ஒரு நியாயம், பட்டறைக்கு ஒரு நியாயமா? பழைய ஆயிலைக் கேனில் சேர்த்து, சுத்திகரிக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும்.

தோழிகளே, உங்க வீட்டு வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் "நிறுத்துங்க" என்று நீங்களாவது சொல்லுங்கள்.



– 9ஆம் வகுப்பு மாணவி