மலைக்கு ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக்: வாங்கப்போகும் தம்பிகளுக்கு

வத்தல்மலைக்கும் சித்தேரிக்கும் ஒகேனக்கலுக்கும் வண்டியில் போகணும், கையில் காசு குறைச்சல், பழசு ஒன்றை வாங்கித் தேற்றிக்கொள்கிறேன் என்று பட்டறைக்கு வருகிற பையன்கள் முதலில் கேட்பது பெயின்ட்டைப் பற்றி. அடுத்தது சைலன்சர் சத்தம். ஆயில் சீலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. டூ-ஸ்ட்ரோக்கை நம்பி மலை ஏறலாமா என்பதைத் தீர்மானிப்பது சில்லறைக் காசுக்கு வருகிற அந்த வளையம்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1. எந்த வண்டி என்று முதலில் முடிவு செய். ஆர்.எக்ஸ்.100-க்கு ஆசைப்படாதவன் இல்லை. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி, 98 சி.சி., 11 குதிரைத்திறன். இன்றைக்கு அந்தப் பெயருக்கே லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். முதல் வண்டியாக அது வேண்டாம். சுசுகி சாமுராய், மேக்ஸ் 100 இன்னும் நியாயமான விலையில் அகப்படும். இரண்டும் ஓசூரில் செய்தவை, நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்குக் கை பழகியவை. தனியாள், அவசரமில்லை என்றால் டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பரே போதும்: 69.9 சி.சி., மூன்றரை குதிரைத்திறன், கியர் கிடையாது. மொபெட்தானே என்று சிரிக்காதே. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தபோது அந்த ஊர் நம்ம தர்மபுரி மாவட்டம். 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது தொழிற்சாலை அந்தப் பக்கம் போனது, வண்டி நம்மிடமே தங்கிவிட்டது. ஒன்று மட்டும்: எக்ஸ்.எல்.100 என்பது 2015-ல் வந்த நாலு-ஸ்ட்ரோக். நான் சொல்வதில் பாதி அதற்குப் பொருந்தாது.

2. ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதே. சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, புத்தகத்தோடு ஒப்பிடு. எழுத்து கோணலாக இருந்தால், சுற்றி அரம் போட்ட தடம் தெரிந்தால், திரும்பி வந்துவிடு. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, எதுவரைக்கும் என்று பார். பெயர் மாற்ற 29, 30 இரண்டு படிவத்திலும் விற்பவர் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிக்கொள். பெங்களூரிலிருந்து வருகிற கர்நாடக வண்டி என்றால் அந்த ஊர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும். மலிவு என்று வாங்கிவிட்டு அலைகிறவர்கள் நிறையப் பேர்.

3. வண்டி பார்க்கக் காலையிலேயே போ. போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால், நீ வருமுன் ஒரு முறை கிளப்பி வைத்திருக்கிறார்கள். ஆறின இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். கிக்கர் மேல் மெதுவாக எடையை வை. கொஞ்சம் தாங்கி நின்று பிறகு இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. சொத்தென்று இறங்கினால் சிலிண்டர் போர் தேய்ந்துபோயிற்று, விலையில் அதைக் கழி.

4. எக்ஸ்.எல். வாங்கினால் சீட்டுக்கு அடியிலும் கேரியர் சேருமிடத்திலும் டார்ச் அடித்துப் பார். பாலக்கோட்டுத் தக்காளிப் பெட்டியும் பால் கேனும் புல்லுக்கட்டும் சுமந்த உடம்பு அது. வெல்டிங் வைத்த தடம் இருந்தால் சட்டம் ஒரு முறை விட்டிருக்கிறது. இன்ஜினை எப்போதும் சரிசெய்துவிடலாம், கோணின சட்டத்தை முடியாது.

5. இப்போது சீல். நாலு-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸுக்குப் பெரும்பாலும் ஆயில் பிடித்து வைக்கிற வேலைதான். டூ-ஸ்ட்ரோக்கில் அதுவே பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது காற்றும் பெட்ரோலும் ஆயிலும் கலந்து கேஸுக்குள் வரும்; பிஸ்டன் கீழே இறங்கும்போது அமுங்கி, போர்ட் வழியாக மேலே ஏறும். கிராங்க் தண்டு வெளியே வருகிற இரண்டு பக்கமும் ஒவ்வொரு சீல் இருந்து இந்தப் பம்பை அடைக்கிறது. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும். மேக்னெட் பக்கத்து சீல் விட்டால் கார்புரேட்டரைக் கேட்காமலே காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கதை வேறு. இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும். தெருவில் கொசுமருந்து அடித்த மாதிரி புகை வரும். கீழே ஒரு சொட்டுக்கூட விழாமல் கியர் ஆயில் குறைந்துகொண்டே போகும். அதைப் பார்த்து ரிங் போயிற்று என்று சிலிண்டரைக் கழற்றுகிறவர்கள் உண்டு. பணம் வீண், புகை அப்படியே இருக்கும்.

காற்றுக் கசிவைக் காதால் பிடிக்கலாம். இன்ஜின் சூடான பிறகு ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டு விடு. சத்தம் உடனே தணிய வேண்டும். தணியாமல் கத்திக்கொண்டே நின்று தாமதமாக இறங்கினால் எங்கோ ஓட்டை. கார்புரேட்டர் சேருமிடத்திலும் கேஸ் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளி. எங்கே தெளிக்கும்போது சத்தம் மாறுகிறதோ அங்கே கசிவு. சிலர் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள். நீ அதைச் செய்யாதே. மேக்னெட்டைக் கழற்றப் புல்லர் வாங்கு; சுத்தியலால் தட்டினால் கிராங்க் கோணும். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது என்றாலும் இரண்டு சீலையும் மாற்றிவிடு. பெயின்ட் அடுத்த வருஷம் அடிக்கலாம்.

6. போர் போட வேண்டியிருந்தால் லேத்துக்குச் சிலிண்டரை மட்டும் கொண்டுபோகாதே. ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் சேர்த்துக் கொடு. அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்பக் கடைய வேண்டும். 0.25 மி.மீ. போதும் என்கிற இடத்தில் 0.50-க்குத் தாவ விடாதே, அடுத்த முறைக்கு இரும்பு மிச்சம் வேண்டும். கடைந்த பிறகு போர்ட் ஓரங்களின் கூர்மையை மழுக்கச் சொல், இல்லாவிட்டால் ரிங் மாட்டி உடையும். ரிங்கின் வாய் பள்ளத்தில் உள்ள சின்ன ஊசிக்கு நேராக உட்கார வேண்டும். பழைய பிஸ்டன் பின் லாக்கைத் திரும்பப் போடாதே. சேலத்தில் கிடைக்காத சாமானுக்குப் பெங்களூர் ஜே.சி. ரோடு, சென்னைப் புதுப்பேட்டை இருக்கின்றன. பளபள டப்பாவை நம்பி பிஸ்டன் வாங்காதே, கையில் எடுத்துப் பார்.

7. இன்றைய பெட்ரோல் இந்த வண்டிகள் பிறந்த காலத்துப் பெட்ரோல் இல்லை. 2025-ல் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை ஊறவைத்துக் கெடுக்கும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கலவையையும் சற்று வறளவிடும். ஹோஸையும் கார்புரேட்டர் வாஷர்களையும் புதிதாகப் போடு. வண்டி வாரக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் கார்புரேட்டரைக் காலி செய். மெயின் ஜெட் ஒரு படி பெரிதாக வேண்டியிருக்கலாம். அதைப் பிளக்தான் சொல்ல வேண்டும்: ஏற்றத்தில் இழுத்துவிட்டு அங்கேயே நிறுத்திக் கழற்றிப் பார். காபிப்பொடி நிறம் நல்லது. வெள்ளை என்றால் உடனே ஜெட்டைக் கவனி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அதில் ஆபத்து குறைவு. கனடாவிலும் குல்மார்க்கிலும் பனிமேல் ஓட்டுகிற ஸ்னோமொபைல்களில் வெகுகாலம் இருந்ததும் இதே டூ-ஸ்ட்ரோக்தான். அங்கே குளிர்காற்று அடர்த்தி என்பதால் ஜெட்டைப் பெரிதாக்குவார்கள், உயரம் ஏறினால் சிறிதாக்குவார்கள். கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

ஆயில் ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி. கண்ணளவில் ஊற்றாதே, அளவு மூடி வைத்துக்கொள். புது போருக்கு முதல் 500 கிலோமீட்டர் கொஞ்சம் கூடவே ஊற்று. அதுவரை மலைப்பக்கம் போகாதே.

8. சைலன்சருக்குள் அடைத்த கரியை எடு. ஆனால் சத்தத்துக்காக அதை வெட்டாதே. டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வயிறும் கழுத்தும் வெளியே ஓடப் பார்க்கும் கலவையைத் திரும்ப உள்ளே தள்ளுகின்றன. வெட்டினால் ஊரே திரும்பிப் பார்க்கும், ஏற்றத்தில் இழுவை இருக்காது.

9. ஏற்றத்தைவிட இறக்கத்துக்குப் பயப்படு. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டு இன்ஜினை இழுக்க விடுவார்கள். பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயில் வருகிறது. பெட்ரோலை மூடினால் சுழல்கிற பிஸ்டனுக்கு ஆயிலும் இல்லை. ஆயில் பம்ப் வைத்த வண்டியிலும் பம்ப் ஆக்ஸிலேட்டர் கேபிளோடுதான் கட்டியிருக்கிறது. அவ்வப்போது லேசாக முறுக்கி விட்டுக்கொண்டே இறங்கு. எக்ஸ்.எல்.-ல் கியர் இல்லாததால் சுமை பெரும்பாலும் பிரேக் மேல்தான். டிரம் சூடேறினால் பிடிக்காது, ஓரமாக நிறுத்தி ஆறவிடு. மலைக்குப் புறப்படுமுன் இரண்டு சக்கரத்துக்கும் புது பிரேக் ஷூ போடு.

10. கையில் இருக்க வேண்டியவை: ஒரு புது பிளக், பிளக் ஸ்பேனர், ஆக்ஸிலேட்டர் கேபிள் ஒன்று, செயின் லாக், ஆயில் பாக்கெட் இரண்டு, டார்ச். ஓடுகிற வண்டி இழுவை குறைந்து இறுகுவது போலத் தோன்றினால் அந்தக் கணமே கிளட்சைப் பிடி; நின்றதும் கிக்கரை உதைக்காதே, அரை மணி ஆறட்டும். ஒகேனக்கல் சாலையில் மட்டும் அந்த அரை மணி கிடைக்காது. கோடையில் தண்ணீருக்காக யானை சாலையைக் கடக்கும். அங்கே நின்றுவிட்டால் சாவியை எடுத்துக்கொண்டு, அடுத்து வருகிற பஸ்ஸில் ஏறிவிடு. வண்டியை மறுநாள் பகலில் டெம்போவோடு போய் எடுத்துக்கொள்ளலாம்.