வஞ்சினம் என்பது எந்தச் சினம்?

கேள்வி: மேடையில் ஒருவர் எதிரணியினரைக் கடுமையாகத் தாக்கிப் பேசினால், 'வஞ்சினம் உரைத்தார்' என்று எழுதுகிறார்கள். வஞ்சமும் சினமும் கலந்த பேச்சுக்குத்தான் வஞ்சினம் என்று பெயரா ஐயா?

பதில்: இல்லை. வஞ்சம் மனத்துக்குள் மறைத்து வைப்பது. வஞ்சினம் ஊரறிய உரைப்பது. சினம் அதில் உண்டு என்றாலும், சினந்து பேசியதெல்லாம் வஞ்சினம் ஆகிவிடாது.

தொல்காப்பியம் காஞ்சித் திணையில் இதற்கு இலக்கணம் சொல்கிறது. இன்னதைச் செய்யத் தவறினால் எனக்கு இன்ன கேடு வரட்டும் என்று உரைப்பதே வஞ்சினம். சூளுரையோடு, தன்மேல் தானே இட்டுக்கொள்ளும் சாபமும் வேண்டும்.

புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாடல்களைப் படித்துப் பாருங்கள். மூன்றும் அரசர்களே பாடியவை. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை, இளையவன் என்று பகைவர் எள்ளினார்கள். அவர்களை வெல்லாவிட்டால் என் குடிகள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவர்க்குக் கொடுக்க இயலாத வறுமை வரட்டும் என்கிறான் அவன். பகைவரை ஏசுவதில் சொல்லைச் செலவிடவில்லை. தனக்கு எது பெரிதோ அதைப் பணயம் வைக்கிறான். பூதப்பாண்டியன் வைக்கும் பணயம் இன்னும் நெருக்கமானது: தன் மனைவியைப் பிரிவேனாக என்று தொடங்குகிறான். அவன் இறந்தபின் 246ஆம் பாடலைப் பாடித் தீப்புகுந்த பெருங்கோப்பெண்டுதான் அந்த மனைவி. இது தெரிந்தபின் அந்த வஞ்சினத்தை மனம் கனக்காமல் என்னால் படிக்க முடிந்ததில்லை.

சிலப்பதிகாரமும் இந்த வேறுபாட்டைக் காக்கிறது. பாண்டியன் அவையில் கண்ணகி கொதித்துப் பேசும் பகுதிக்கு 'வழக்குரை காதை' என்று பெயர். நான் பத்தினியானால் அரசோடு மதுரையையும் ஒழிப்பேன் என்று கற்பையே முன்வைத்துச் சூளுரைக்கும் அடுத்த காதைதான் 'வஞ்சின மாலை'.

இலக்கியத்தில் மட்டும் இருக்கும் வழக்கு என்று நினைக்காதீர்கள். "இதை முடிக்கலேன்னா மீசையை எடுத்துடறேன்" என்று டீக்கடையில் ஒருவர் உரக்கச் சொன்னால், அது இலக்கணம் வழுவாத வஞ்சினம்!

நீங்கள் குறிப்பிடும் மேடைப் பேச்சுக்கு 'சாடினார்', 'வெகுண்டு பேசினார்' என்பவை போதும். வரம்பு மீறியிருந்தால் 'வசைபாடினார்' என்று எழுதலாம். சொன்னதைச் செய்யாவிட்டால் பதவியைத் துறக்கிறேன் என்று அவர் சினந்து சூளுரைத்திருந்தால் மட்டும் 'வஞ்சினம் உரைத்தார்' என்று எழுதுங்கள். 'வஞ்சினம் கூறினார்' என்றாலும் சரியே.