மேக்புக்குக்கு அவ்வளவு விலை தகுமா?

கேள்வி: கல்லூரியில் சேரும் மகள் மேக்புக்தான் வேண்டும் என்கிறாள். அவ்வளவு காசு கொட்டலாமா? – வாசகர், கரூர்

பதில்: என்ன படிப்பு என்று எழுதவில்லையே! 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்பை மேக்கில் வைத்தது. சிப், மேக்ஓஎஸ் இரண்டையும் ஒரே கம்பெனி பொருந்தச் செய்வதால் மேக்புக் ஏர் உள்ளே ஃபேனே இல்லாமல் ஓடுகிறது. சார்ஜும் நன்றாக நிற்கிறது. வீடியோ எடிட்டிங், ஐபோன் ஆப் எழுதுவது என்றால் காசு வீண்போகாது. ஒரு வில்லங்கம்: ராம் சிப்போடு ஒட்டியே வருகிறது. 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். எந்தக் கடைக்காரரும் கூட்டித் தர முடியாது. பி.காம் என்றால் டேலி, மெக்கானிக்கல் என்றால் சாலிட்வொர்க்ஸ். இரண்டும் விண்டோஸுக்கு எழுதியவை. அந்தப் படிப்பு என்றால் நல்ல விண்டோஸ் லேப்டாப்பே போதும். ராம் கூட்ட ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.